போல்ட்டு, ரப்பர், ஒன்பது ரசம்: ஜான் கேஜின் ஒரு பியானோ படைப்பு

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் இந்தியாவின் தாக்கம் என்று சொன்னால் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது சித்தாரின் ரீங்காரம், தபலா, ஊதுவத்திப் புகை. இந்தக் கட்டுரையில் அறிமுகப்படுத்தப் போகிற படைப்பில் இவை எதுவும் கிடையாது. ராகம் இல்லை, தாளம் இல்லை, சமஸ்கிருதத்தில் ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை. ஒரே ஒரு பியானோ. அதன் கம்பிகளுக்கு நடுவே செருகிய போல்ட்டு, ஸ்குரூ, ரப்பர்த் துண்டுகள். ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டில் இந்தியச் சிந்தனையிலிருந்து பிறந்த முக்கியமான மேற்கத்திய இசைப்படைப்புகளில் ஒன்று இது. பெயர் ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’. எழுதியவர் அமெரிக்கர் ஜான் கேஜ். 1946 பிப்ரவரியில் தொடங்கி 1948 மார்ச்சில் முடித்தார்.

முதலில் அந்தப் பியானோவைப் பார்த்துவிடுவோம். அது புரியாமல் மற்றது எதுவும் புரியாது.

பியானோவின் உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியல் உண்டு. கட்டையை அழுத்தினால் சுத்தியல் போய்க் கம்பியை அடிக்கும். அடிமந்திரக் கட்டைகளுக்கு ஒன்றோ இரண்டோ கம்பிகள். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சுருதியில் மூன்று கம்பிகள் பக்கம் பக்கமாக இருக்கும். அந்த மூன்றில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு போல்ட்டைச் செருகினால் என்ன ஆகும்? கம்பி முழு நீளத்துக்கும் அதிர முடியாது. சுருதி இடம் மாறும், ஓசை நீளாமல் நின்றுவிடும், கூடவே ஒரு உலோகச் சிணுங்கல் சேரும். போல்ட்டுக்குப் பதில் ரப்பர் என்றால் ‘தொப்’ என்று மரத்தைத் தட்டியது போல இருக்கும். போல்ட்டில் ஒரு நட்டைத் தளர்வாக மாட்டிவிட்டால் சலங்கை மாதிரி கலகலக்கும். நம் தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே வைக்கிற நூல், ஜீவா, என்ன செய்கிறதோ அதே வேலைதான்: சின்னப் பொருள் ஒன்றைச் சரியான இடத்தில் வைத்தால் தந்தியின் குணமே மாறிவிடுகிறது. அங்கே ஒரு நூல்; இங்கே ஒரு இரும்புக்கடையே உள்ளே போயிருக்கிறது.

இதற்கு பிரிப்பேர்டு பியானோ என்று பெயர். கேஜ் இதைக் கண்டுபிடித்தது ஆன்மிகத் தேடலால் அல்ல, இட நெருக்கடியால். 1940-இல் சியாட்டில் நகரின் கார்னிஷ் பள்ளியில் நடனங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞருக்கு ஆப்பிரிக்கச் சாயலில் ஒரு இசை தேவைப்பட்டது. கேஜ் அப்போது தாளவாத்தியக் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஆனால் அந்த அரங்கில் ஒரு குழு உட்கார இடமில்லை. ஒரு பியானோ மட்டும்தான் இருந்தது. சரி, பியானோவையே தாளவாத்தியக் குழுவாக மாற்றிவிடலாம் என்று உள்ளே சாமான்களைப் போட்டுப் பார்த்தார். தட்டு வைத்தார், துள்ளியது. ஆணி வைத்தார், நழுவி விழுந்தது. மரையுள்ள ஸ்குரூவும் போல்ட்டும்தான் பிடித்துக்கொண்டு நின்றன. கேஜின் அப்பா ஒரு கண்டுபிடிப்பாளர் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ படைப்புக்காகப் பியானோவின் 88 கட்டைகளில் 45 கட்டைகளின் கம்பிகள் இப்படித் தயார் செய்யப்படுகின்றன. இசைத்தாளின் முன்பக்கத்தில் ஒரு அட்டவணை உண்டு: எந்தக் கட்டை, என்ன பொருள், எந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே, கம்பியின் அதிர்வை அடக்கும் டாம்பரிலிருந்து எத்தனை அங்குலம். கிட்டத்தட்ட ஒரு மெக்கானிக்கின் கையேடு. பெரும்பாலும் ஸ்குரூவும் போல்ட்டும். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் பிளாஸ்டிக், நட்டுகள் சில, ஒரே ஒரு அழிரப்பர். எல்லாவற்றையும் செருகி முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பியானோ கெட்டுவிடாதா என்று கேட்காதவர்கள் கிடையாது. கவனமாகச் செருகி, கவனமாக எடுத்தால் கெடாது.

இந்தப் பொருள்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்றதற்கு, கடற்கரையில் நடக்கும்போது சிப்பி பொறுக்குவது போலத்தான் என்று கேஜ் சொல்லியிருக்கிறார். பியானோ முன் உட்கார்ந்து, வாசித்து, காதுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டார். கணக்குப் போட்டுச் செய்தது இல்லை.

கணக்கெல்லாம் வேறிடத்தில் வருகிறது. அதற்கு முன், இந்தியா எப்படி உள்ளே வந்தது?

1940-களின் நடுவில் கேஜுக்குச் சொந்த வாழ்க்கையில் பெரிய சிக்கல். மனைவி செனியாவுடனான திருமண வாழ்க்கை முறிந்தது. அந்த வேதனையில் 1944-இல் பிரிப்பேர்டு பியானோவுக்கு ஒரு படைப்பை எழுதினார். தனிமையையும் பயத்தையும் அதில் கொட்டினார். ஒரு விமர்சகரோ, அதன் கடைசிப் பகுதியை மாதாகோவில் மணிக்கூண்டில் மரங்கொத்தி தட்டுவதோடு ஒப்பிட்டு எழுதிவிட்டார். கேஜ் இந்தக் கதையைப் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அப்போது அது அவரை உலுக்கிவிட்டது. நான் அழுது எழுதியது இன்னொருவருக்குச் சிரிப்பாக இருக்கிறது என்றால், இசை என்பது ஒருவர் உணர்ச்சியை இன்னொருவருக்கு அனுப்பிவைக்கும் வழி என்ற நம்பிக்கையே தவறோ? அப்படி அனுப்ப முடியாது என்றால் பிறகு எதற்கு எழுத வேண்டும்? உருப்படியான பதில் கிடைக்காவிட்டால் இசையமைப்பதையே விட்டுவிடுவது என்ற முடிவில் இருந்தார்.

இந்த நேரத்தில்தான் அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் நியூயார்க் வந்தார். ஆலை முதலாளிகளான சாராபாய் குடும்பத்துப் பெண். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி. இந்துஸ்தானி இசை கற்றவர், பக்கவாஜ் வாசித்தவர். மேற்கத்திய இசை இந்திய இசையை என்ன செய்துவிடப் போகிறதோ என்ற கவலை அவருக்கு. அதை எதிர்கொள்ள வேண்டுமானால் முதலில் அதைப் படித்தாக வேண்டும் என்று வந்திருந்தார். பாடம் நடத்த எவ்வளவு கட்டணம் என்று கேஜிடம் கேட்டார். பணம் வேண்டாம், நீங்கள் எனக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுங்கள் என்றார் கேஜ். சுமார் ஆறு மாதம் இந்தப் பண்டமாற்று நடந்தது. கேஜ் கவுன்டர்பாயின்ட், அதாவது பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இணைத்து ஒலிக்கவைக்கும் மேற்கத்தியக் கலையை, சொல்லிக்கொடுத்தார். கீதா நம் இசையைப் பற்றிச் சொன்னார்.

ஒருநாள் கேஜ் தன்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வியைக் கீதாவிடம் கேட்டார்: உங்கள் குருநாதர் இசையின் நோக்கம் என்று எதைச் சொன்னார்? மனதை நிதானப்படுத்தி அமைதியாக்குவது, அதன் மூலம் தெய்விகத்தின் தாக்கத்துக்கு அதைத் தயாராக்குவது என்று கீதா பதில் சொன்னார். கேஜ் அதைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அவருடைய நண்பரும் இசையமைப்பாளருமான லூ ஹாரிசன் கொஞ்ச நாளில் பழைய ஆங்கில நூல் ஒன்றிலும் இதே கருத்தைக் கண்டெடுத்துக் காட்டினார். அப்படியானால் இது கிழக்கின் தனிச்சொத்து அல்ல, மேற்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்திருக்கிறது, நடுவில் மறந்துவிட்டது என்ற முடிவுக்கு கேஜ் வந்தார். ஊருக்குத் திரும்பும்போது கீதா அவருக்கு ராமகிருஷ்ண பரமஹம்சரின் உபதேச மொழிகள் அடங்கிய தடித்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மனநல மருத்துவரிடம் போகச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்திய காலத்தில் அந்தப் புத்தகம்தான் தனக்கு அந்த வேலையைச் செய்தது என்று கேஜ் சொன்னார்.

இரண்டாவது வாசல் ஆனந்த குமாரசுவாமியின் நூல்கள். இந்தப் பெயர் நம்மில் பலருக்குத் தெரியும். ‘சிவ நடனம்’ கட்டுரையின் வழியாக நடராஜரை மேலை உலகுக்கு விளக்கியவர். 1877-இல் கொழும்பில் பிறந்தார். அப்பா சர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர், வழக்கறிஞர், சட்டசபை உறுப்பினர், அம்மா ஆங்கிலேயர். இரண்டு வயதுக்குள் அப்பாவை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியல் படித்து, இலங்கையில் கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்து, கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கலை அறிஞரானவர். 1947 செப்டம்பரில் மறைந்தார். அதாவது கேஜ் அவருடைய எழுத்தைப் படித்து இந்தப் படைப்பை எழுதிக்கொண்டிருந்தபோதே.

குமாரசுவாமியிடமிருந்து கேஜ் எடுத்துக்கொண்டது ரசக் கோட்பாடு. நமக்கு நவரசம் பரதநாட்டிய மேடையிலிருந்தும் சினிமா விமர்சனத்திலிருந்தும் பழக்கம். கேஜ் இவற்றை நிலையான உணர்ச்சிகள் என்று அழைத்தார். நம் மரபில் ஸ்தாயி பாவம் என்பார்கள். வீரம், சிருங்காரம், அற்புதம், ஹாஸ்யம் ஆகிய நான்கும் வெள்ளை. சோகம், பயம், கோபம், அருவருப்பு ஆகிய நான்கும் கறுப்பு. இந்த எட்டும் போய்ச் சேர விரும்புகிற இடம் ஒன்பதாவதான சாந்தம்.

அந்த ஒன்பதாவதை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் ரசங்கள் எட்டுதான். நம் தொல்காப்பியமும் மெய்ப்பாடு எட்டு என்றே சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சாந்தம் பின்னால் சேர்ந்தது. அது மற்ற எட்டோடு ஒன்பதாவதாக வரிசையில் நிற்பதா அல்லது எட்டுக்கும் அடியில் இருப்பதா என்று பெரிய விவாதமே நடந்திருக்கிறது. காஷ்மீரத்து அபிநவகுப்தர் சாந்தத்துக்குத்தான் மேலான இடம் கொடுத்தார். கேஜ் பற்றிக்கொண்டதும் இந்தக் கட்சியைத்தான். காரணம் புரிகிறது. தன் சோகத்தைக் கொட்டியெழுதி மரங்கொத்திப் பட்டம் வாங்கியவர் அவர். இங்கேயோ, உணர்ச்சிகள் யாருடைய சொந்தமும் இல்லை, எல்லாருக்கும் பொது, எல்லாமே முடிவில் ஓர் அமைதியை நோக்கிச் சாய்கின்றன என்கிறது ஒரு கோட்பாடு. தன் கதையைச் சொல்லியே தீர வேண்டும் என்ற சுமை அவர் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது.

இனி படைப்பின் வடிவம். பதினாறு சொனாட்டாக்கள், நான்கு இன்டர்லூட்கள்; மொத்தம் சுமார் 70 நிமிடம். சொனாட்டா என்றதும் பீத்தோவனின் அரை மணி நேரப் படைப்புகளை நினைக்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்கார்லட்டி எழுதிய குட்டிச் சொனாட்டாக்கள்தான் இங்கே முன்மாதிரி: முதல் பாதியை இருமுறை வாசி, இரண்டாம் பாதியை இருமுறை வாசி, முடிந்தது. இன்டர்லூட் என்பது இடைப்பகுதி. நான்கு சொனாட்டா, ஒரு இடைப்பகுதி, நான்கு சொனாட்டா, இரண்டு இடைப்பகுதி, நான்கு சொனாட்டா, ஒரு இடைப்பகுதி, நான்கு சொனாட்டா என்று அடுக்கியிருக்கிறார். நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கணக்கு ஓடுகிறது. நான்காவது சொனாட்டாவை எடுத்துக்கொள்வோம். திரும்ப வாசிப்பதையும் சேர்த்தால் மொத்தம் 100 பார், அதாவது 100 ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்துப் பத்தாகப் பத்து அலகுகள். இந்தப் பத்து அலகுகள் 3, 3, 2, 2 என்று பிரிகின்றன: முதல் பாதி 30 பார், மறுபடியும் 30, இரண்டாம் பாதி 20, மறுபடியும் 20. ஒவ்வொரு பத்துப் பார் அலகுக்குள்ளேயும் அதே 3, 3, 2, 2 விகிதத்தில் சொற்றொடர்கள் பிரிகின்றன. பெரிதில் இருக்கும் அளவு சிறிதிலும். மற்ற சொனாட்டாக்களில் ஒன்றே கால், முக்கால், எட்டரை என்றெல்லாம் எண்கள் வருகின்றன. தனி ஆவர்த்தனத்தில் கோர்வைக் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒன்றே காலும் முக்காலும் நமக்குப் புதிதா என்ன!

ஆனால் இந்தக் கணக்கை இந்தியத் தாளத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடக் கூடாது; அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. கேஜ் இந்த முறையை 1939-லேயே உலோகத் தாளவாத்தியங்களுக்கான படைப்பில் 16 பெருக்கல் 16 என்று பயன்படுத்திவிட்டார். கீதாவைச் சந்திப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு. கேஜின் ஆசிரியரான இசையமைப்பாளர் ஷோன்பெர்க், ஹார்மனி உணர்வு, அதாவது ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் உணர்வு, உனக்கு இல்லை, அது சுவர் போலக் குறுக்கே நிற்கும், உன்னால் தாண்ட முடியாது என்று சொல்லியிருந்தார். ஹார்மனி இல்லாமல் இசையை எதில் நிறுத்துவது என்று யோசித்து, காலத்தின் அளவில் நிறுத்தினார் கேஜ். இந்திய இசையும் காலத்தை அளந்து கட்டுகிறது என்று பின்னர் அறிந்தபோது, தான் தனியாக இல்லை என்ற தைரியம் வந்திருக்கலாம்.

இதே ஆண்டுகளில், 1946 முதல் 1948 வரை, பிரான்ஸில் ஒலிவியே மெஸ்ஸியான் ‘துரங்கலீலா’ என்ற பிரம்மாண்டமான சிம்பொனியை எழுதிக்கொண்டிருந்தார். பெயரே சமஸ்கிருதம். அவர் 13-ஆம் நூற்றாண்டு சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் வரும் 120 தேசி தாளங்களைப் படித்து, அந்த லயங்களை நேரடியாகத் தன் இசையில் வைத்தார். கடைசிவரை தீவிரக் கத்தோலிக்கராகவே இருந்தார். அங்கே நம் தாளங்கள் போய்ச் சேர்ந்தன, தத்துவம் போகவில்லை. கேஜிடம் நேர் எதிர்: சத்தத்தில் ஒன்றையும் எடுக்கவில்லை, எதற்காக இசை என்ற கேள்விக்கு விடையை மட்டும் எடுத்தார். எனக்கு இரண்டாவதுதான் அபூர்வமாகத் தெரிகிறது. வாத்தியத்தையோ லயத்தையோ கடன் வாங்கிய மேற்கத்தியர் எத்தனையோ பேர்.

சரி, எந்தச் சொனாட்டா எந்த ரசம்? கேஜ் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவே இல்லை. ஆய்வாளர்கள் சிலர் ஊகித்துப் பார்த்திருக்கிறார்கள்; இதுதான் ஹாஸ்யம், அதுதான் ரௌத்திரம் என்று பட்டியல் போடும் அந்த விளையாட்டில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. வேண்டுமென்றால் அவர் வெளிப்படையாகவே சொல்லியிருப்பார். 1951-இல் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனத்துக்காக எழுதிய பதினாறு நடனங்களில் ஒன்பது உணர்ச்சிகளையும் பெயர் சொல்லியே வைத்தார். இங்கே அவர் சொன்னது வேறு: மணியோசை போல ஒலிப்பவை ஐரோப்பாவையும், முழவு போல ஒலிப்பவை கிழக்கையும் நினைவூட்டும், கடைசிச் சொனாட்டாவோ மேற்கத்தியர் ஒருவர் கையெழுத்துப் போட்டது போல இருக்கும் என்றார். கேட்டுப் பார்த்தால் உண்மைதான் என்று தெரியும். பதினாறாவது சொனாட்டாவில் பரிச்சயமான மேற்கத்திய ஸ்வரக்கோவைகள் நிதானமாக, சுற்றிச் சுற்றி வருகின்றன. சாந்தம் வரும் இடம் அதுதான் என்று கொண்டால், அதை அவர் இந்தியச் சாயலில் எழுதவில்லை. தன் ஊர் மொழியிலேயே எழுதினார்.

குறை சொல்லவும் இடமிருக்கிறது. கேஜ் அறிந்த இந்தியா பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகத்தில் வந்த இந்தியா. ஒரு ராகத்தை ஆறு மாதம் உட்கார்ந்து சாதகம் செய்தவர் அல்ல. அதிலும் குமாரசுவாமியின் இந்தியா மிகவும் செம்மையான, மாறாத, கோயில் சிற்பம் போன்ற இந்தியா. தெருக்கூத்தின் அருவருப்பும் கோபமும் அதில் எட்டிப் பார்ப்பதில்லை. கேஜும் சில ஆண்டுகளிலேயே ஜென் பௌத்தத்துக்கும், ஐ சிங் என்ற சீனத்துக் குறி பார்க்கும் நூலைக் கொண்டு தற்செயலாக ஸ்வரங்களைத் தேர்வதற்கும் நகர்ந்துவிட்டார். 1952-இல் வந்ததுதான் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி ஒன்றுமே வாசிக்காமல் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற படைப்பு. ஆனால் அதற்கும் வேர் கீதா சொன்ன பதிலில் இருக்கிறது: மனம் அமைதியாவதுதான் நோக்கம் என்றால், வாசிப்பவர் பேசாமல் இருப்பதும் ஒரு வழிதானே.

1949 ஜனவரியில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில், இந்தப் படைப்பு யாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டதோ அந்தப் பியானோ கலைஞர் மாரோ அஜேமியன் முழுவதையும் வாசித்தார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், அதே ஆண்டு கேஜுக்கு குகன்ஹைம் உதவித்தொகையும் கிடைத்தது.

கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலிலேயே 70 நிமிடத்தையும் கேட்க உட்கார வேண்டாம். ஐந்தாவது சொனாட்டாவைக் கேளுங்கள். ஒன்றரை நிமிடம்தான், ஓடிக்கொண்டே இருக்கும், காதில் உடனே ஒட்டும். பிறகு பதினான்கும் பதினைந்தும், ஜெமினி என்ற இரட்டைச் சொனாட்டாக்கள். அப்புறம் பதினாறாவது. போனின் ஸ்பீக்கரில் கேட்டால் ரப்பர் ஓசைகளின் அடிச்சத்தம் காணாமல் போய்விடும், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பிடித்திருந்தால் அதே சொனாட்டாவை இன்னொருவர் வாசித்துக் கேளுங்கள்: மாரோ அஜேமியனின் பழைய பதிவு ஒன்று, போரிஸ் பெர்மனுடையது ஒன்று என்று. ஒரே அட்டவணையைப் பார்த்துத்தான் இருவரும் ஸ்குரூ செருகியிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பியானோவின் கம்பி நீளமும் வேறு, கடையில் கிடைத்த போல்ட்டும் வேறு, அதனால் ஒன்றில் மணியாக ஒலித்தது இன்னொன்றில் மரக்கட்டையாக ஒலிக்கும்.